தட்டையைப் பிரித்துவிடலாம், உப்பை எங்கே கொட்டுவது?

திண்டுக்கல் சமவெளியில் அறுவடை முடிந்த காட்டில் நிற்கிற மக்காச்சோளத்தட்டையும், பிடுங்கிப் போட்ட பருத்திமாரும், குலை வெட்டியபின் சாய்த்த வாழைமரமும் எல்லாம் பணம் என்றும், அந்தப் பணத்தை விவசாயி தெரியாமல் மட்கவிடுகிறார் என்றும் ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டது. வேளாண் கருத்தரங்கானாலும் சிறுதொழில் மேடையானாலும் இதை மறுத்துப் பேச ஆளில்லை. தீர்வும் கையோடு வருகிறது. தட்டையை நறுக்கிக் காஸ்டிக் சோடாவிலோ நீர்த்த கந்தக அமிலத்திலோ வேகவைத்தால் அதன் கூறுகள் பிரிந்துவிடும். செல்லுலோஸ் காகிதத்துக்கும் எத்தனாலுக்கும் போகும், ஹெமிசெல்லுலோஸ் சைலிடால் என்கிற இனிப்பாகும், லிக்னின் பசைக்கும் பிசினுக்கும் ஆகும். பல நூறு கோடி ரூபாயில் ஆலை எதற்கு, ஒன்றியத்துக்கு ஒரு சிறிய கூடம் போதும், உள்ளூர்த் தட்டை உள்ளூரிலேயே சரக்காகும் என்பது இந்தப் பேச்சின் முத்தாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தட்டை பிரியும் என்பதில் பொய்யும் இல்லை. சிறிய கூடம் போதும் என்கிற இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. அங்கே தவறினால், இந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்து முடித்த விலையை மறுபடியும் கொடுக்க நேரும் என்பது என் வாதம்.

முதலில் அந்தக் கூடத்துக்குள் நடக்கப்போவதைப் பார்த்துவிடலாம். காய்ந்த மக்காச்சோளத்தட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஹெமிசெல்லுலோஸ், அதைவிடச் சற்றுக் குறைவாக லிக்னின். மிச்சம் சாம்பலும் மெழுகும் கரையும் சர்க்கரைகளும். செல்லுலோஸ் நீண்ட இழை. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் பின்னிக் கிடக்கிறது. இரண்டையும் லிக்னின் பூசி இறுக்குகிறது. தட்டை நிமிர்ந்து நிற்பதும், நனைந்தாலும் சட்டென்று அழுகாததும், நொதிகளுக்கு எளிதில் வசப்படாததும் இந்தப் பூச்சினால்தான். புல்லினப் பயிர்களில் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் ஃபெருலிக் அமிலம் போன்றவை எஸ்டர் பிணைப்புகளால் கோத்து வைத்திருக்கின்றன. காரம் பட்டால் அந்தக் கோப்பு அறுந்துபோகும். மரத்து லிக்னினைவிடத் தட்டையின் லிக்னின் விரைவாகக் கரைவது இதனால்தான். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்த காலத்தில் துணியின் அழுக்குக்கு என்ன நேர்ந்ததோ அதுதான் இங்கே லிக்னினுக்கு நேர்கிறது. காரமும் சூடும் பற்றியதை விடுவிக்கும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். தட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்கு காஸ்டிக் சேர்த்துக் கொதிக்கவிட்டால் நீர் மஞ்சளாகி, பழுப்பேறி, கடைசியில் கறுத்துவிடும். அடியில் தங்கும் நாரை அள்ளிப் பிழிந்தால் விரலில் வழுக்கும். அந்த வழுக்கல் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். லிக்னினும் விற்பனைக்கு வேண்டுமென்றால் கறுப்புச் சாற்றில் கந்தக அமிலம் விட வேண்டும். காரம் தணிந்ததும் லிக்னின் பழுப்புச் சேறாகத் திரிந்து இறங்கும். வடிதுணியை வந்த வேகத்தில் அடைத்துக்கொள்ளும் சேறு அது. திட்ட அறிக்கையின் வண்ணப்படங்களில் இந்தத் தொல்லை தெரிவதில்லை.

மேடையில் யாரும் பேசாத சரக்கு ஒன்று இன்னும் மீதி இருக்கிறது. ஒரு டன் தட்டைக்கு 100 கிலோ காஸ்டிக் சோடா என்று வைத்துக்கொண்டால், அதை நடுநிலைப்படுத்தச் சுமார் 122 கிலோ கந்தக அமிலம் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 177 கிலோ சோடியம் சல்பேட் ஆகும். இது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சமன்பாடு, எந்தக் காப்புரிமையும் இதை மாற்றிவிடாது. வெளியே விடும் நீரில் கரைந்திருக்கும் உப்புக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். ஒரு டன் தட்டையிலிருந்து வந்த உப்பை அந்த வரம்புக்குள் அடக்க, உப்பே கலக்காத தண்ணீர் 84,000 லிட்டர் வேண்டும். இந்தச் சமவெளியில் உப்பே கலக்காத தண்ணீர் மழையாக விழுவது மட்டும்தான். நாளுக்கு 10 டன் தட்டை வேகவைக்கும் கூடம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 300 டன் காஸ்டிக் உள்ளே வரும், 530 டன் உப்பு வெளியே போகும். மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் கொடைக்கானலை விட்டுவிட்டு மற்ற 13-க்கும் ஆளுக்கொன்று அமைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6900 டன். சிறியது என்பதால் தீங்கும் சிறியது என்று நினைப்பவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். உப்பு மட்கிப்போகாது, ஆண்டுக்காண்டு சேரும்.

உப்பு நீரைப் பற்றித் திண்டுக்கல்லுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்புகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போன வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படை வழக்குகளில் ஒன்று. நீதிபதி குல்தீப் சிங் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடு செய்யும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. வேலூரின் பெயரால் அறியப்பட்டாலும் அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. கெட்ட பெயர் என்னவோ குரோமியத்துக்குப் போனது. ஆனால் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமலும் பயிருக்குப் பாய்ச்ச முடியாமலும் செய்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் வருகிறது. முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். அது போய்ச் சேரும் நிலமும் அப்படிப்பட்டது. இங்கே அடியில் கிடப்பது கடினப்பாறை. நீர் நிற்பது பாறையின் உக்கிய மேலடுக்கிலும் வெடிப்புகளிலும்தான். உள்ளே போன உப்பை வெளியே தள்ளும் அளவுக்கு நிலத்தடி ஓட்டம் கிடையாது. குடகனாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. நகரம் குடிப்பதே ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரும் தூரத்திலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரும். வற்றாத ஆறு ஓடும் ஊரில் செய்யும் தவறை ஆறு கொஞ்ச காலம் மறைத்துக் கொடுக்கும். இங்கே அந்தச் சலுகையும் இல்லை.

தோல் ஷாப்போடு இதை ஒப்பிடலாமா, இங்கே குரோமியம் இல்லை, விஷம் இல்லை, இருப்பது செடியின் சாறும் ஒரு சாதாரண உப்பும்தானே என்று கேட்பார்கள். சோடியம் சல்பேட் கொடிய நஞ்சில்லை என்பது சரி. ஆனால் பயிர் நஞ்சினால் மட்டும் சாவதில்லை. வேர் இருக்கும் மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. சோடியம் கூடினால் களிமண் துகள்கள் பிரிந்து மண் இறுகும், மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். செடியின் சாறு என்பதும் அத்தனை சாதுவானதல்ல. அதில் கரைந்த சர்க்கரைகளையும் சிறு அமிலங்களையும் சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்கள் தின்றுவிடும். லிக்னினை அவை லேசில் தொடாது, கறுப்பு நிறம் அப்படியே நிற்கும். நுண்ணுயிர் தின்றாலும் தின்னாவிட்டாலும் உப்பின் அளவு ஒரு கிராம்கூடக் குறையாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியாகிவிட்டது என்ற பதில் தோல் தொழிலில் ஏன் போதவில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்.

அடுத்த பதில் திருப்பூரைக் காட்டும். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத முறையை அங்கே சாயப்பட்டறைகள் செயல்படுத்தவில்லையா, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு அவை மீண்டு வரவில்லையா? மீண்டன. எப்படி மீண்டன என்பதையும் பார்க்க வேண்டும். சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். சோடியம் சல்பேட்டோ சோடியம் குளோரைடோ அங்கே மூலப்பொருள். கழிவிலிருந்து பிரித்தெடுத்த உப்புக்கரைசலை அடுத்த சாயத்தொட்டியிலேயே ஊற்றிக்கொள்ளலாம். அப்படியும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக நிற்கிறது. தட்டைக் கூடத்துக்கு உள்ளே வேண்டியது காஸ்டிக், வெளியே வருவது சல்பேட். தன் கழிவைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள அதனால் முடியாது. ஆவியாக்கி உப்பைக் கட்டியாக எடுக்கலாமே என்றால் வெப்பக் கணக்கு குறுக்கே வரும். ஒரு டன் காய்ந்த தட்டையை எரித்தால் கிடைக்கும் வெப்பம், கொஞ்சமும் வீணாகாத கொதிகலனில்கூடச் சுமார் ஆறு டன் தண்ணீரை ஆவியாக்கத்தான் போதும். ஒரு டன் தட்டையை வேகவைத்து நன்றாக அலசினால் பத்து டன் நீர் சர்வசாதாரணமாக வெளியேறும். பல அடுக்கு ஆவியாக்கிகள் இந்தச் செலவைப் பல மடங்கு குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஐந்து அடுக்கு ஆவியாக்கி வாங்கிப் பொருத்திய பிறகு அந்தக் கூடத்தை இன்னும் சிறியது என்று எந்த வாயால் சொல்வது?

காரத்தால் தட்டையைப் பிரிப்பதே முடியாத காரியம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்து மாவட்டத்தில் நாற்பது ஆண்டுகளாக அது நடக்கிறது. கரூர் மாவட்டம் புகழூரை அடுத்த காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மரத்தை நம்பாமல் கரும்புச்சக்கையை முதன்மை மூலப்பொருளாக வைத்து அச்சுக்காகிதம் செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆலை அது. சக்கை என்பதும் பயிர்மிச்சம்தான், அதை வேகவைப்பதும் காரம்தான். அங்கே உப்பு ஏன் மலையாகக் குவியவில்லை என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கறுப்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, பாகு பதத்தில் ரெகவரி பாய்லருக்குள் பீய்ச்சுகிறார்கள். அதிலிருக்கும் லிக்னின் எரிந்து நீராவி தருகிறது. சோடியம் உருகி அடியில் வழிகிறது. அதைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் மறுபடி காஸ்டிக். ஒழுங்காக நடக்கும் ஆலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காரம் இப்படித் திரும்பிவிடும். அதே சோடியம் ஆண்டு முழுக்க ஆலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. சக்கையை ஊர் ஊராகப் போய்ப் பொறுக்க வேண்டியதும் இல்லை. கரும்பு ஆலையில் ஒரே இடத்தில் அது தானாகக் குவிகிறது. சக்கைக்கு ஈடாகச் சர்க்கரை ஆலைக்கு நீராவியோ எரிபொருளோ கிடைக்கிறது. பக்கத்தில் காவிரி.

மேடைப் பேச்சு மறைக்கும் முரண்பாடு இங்கேதான் வெளிப்படுகிறது. சாற்றில் அமிலம் விட்டு லிக்னினை விற்றால் காரம் திரும்பாது. காரம் திரும்ப வேண்டுமென்றால் லிக்னினை எரித்தாக வேண்டும். இரண்டு வருமானத்தையும் ஒரே திட்ட அறிக்கையில் எழுதுகிறவர் ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்கிறார். கரியமில வாயுவை ஊதி லிக்னினில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் முறை இருக்கிறதே என்றால், இருக்கிறது. ரெகவரி பாய்லர் உள்ள பெரிய ஆலையோடு ஒட்டி நின்றுதான் அது ஓடுகிறது. உலகத்துக் காகித ஆலைகள் ஆண்டுதோறும் கரைத்தெடுக்கும் கோடிக்கணக்கான டன் லிக்னினில் நூற்றுக்கு இரண்டு பங்கு போலத்தான் சரக்காக விற்பனைக்கு வருகிறது. மற்றதெல்லாம் பாய்லருக்குள் போகிறது. அதுவே மலிவான, நாணயமான பயன் என்று அவர்கள் நூறாண்டு அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் கூடத்துக்கு ஒரு சிறிய ரெகவரி பாய்லர் வைத்தால் என்ன என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குச் சீனாவும் இந்தியாவும் நிறைய விலை கொடுத்து விடை கண்டுவிட்டன. ரெகவரி என்பது ஆவியாக்கி, உயர் வெப்ப உலை, சுண்ணாம்புப் பிரிவு எல்லாம் சேர்ந்த ஒரு தொடர். அளவு பாதியானால் செலவு பாதியாவதில்லை. அதனால் சிறிய வைக்கோல் காகித ஆலைகள் எல்லா நாட்டிலும் கறுப்புச் சாற்றை வாய்க்காலில் விட்டுத்தான் பிழைத்தன. சீனாவில் ஹுவாய் ஆற்றுப் படுகையில், ஆண்டுக்கு 5000 டன்னுக்குக் குறைவாகக் கூழ் செய்யும் ஆலைகளை 1996 ஜூன் 30-க்குள் மூடிவிட வேண்டும் என்று அந்நாட்டு அரசு உத்தரவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. திண்டுக்கல்லின் கெட்டுப்போன கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இந்தியாவிலும் 2003-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொண்டுவந்த பொறுப்புச் சாசனம், வேளாண் மிச்சத்தில் கூழ் செய்யும் சிறு ஆலைகளுக்கு மூன்றே வழிகளை வைத்தது. இரசாயனத்தை மீட்டெடு, அல்லது கறுப்புச் சாற்றை வெளியே விடாமல் பயன்படுத்து. இல்லையென்றால் பழைய காகிதத்துக்கு மாறிக்கொள். நெல் வைக்கோலில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. அதில் மணல்சத்தான சிலிக்கா மிகுதி. காரத்தில் அதுவும் கரைந்து சாற்றோடு போய் ஆவியாக்கிக் குழாய்களில் படிந்து அடைக்கும், சுண்ணாம்பை மறுபடி சுட்டுப் பயன்படுத்தவும் விடாது. சக்கையில் வென்ற முறை வைக்கோலில் திணறுவதற்குக் காரணம் நிர்வாகத்தின் திறமைக்குறைவு இல்லை.

சிறியது ஆகாதென்றால் பெரியதாகவே கட்டிவிடலாமே என்பது மிஞ்சியிருக்கும் பேச்சு. அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலையை 2022 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் அதன் இலக்கு. அங்கே அப்படி ஒன்றைக் கட்டியதற்கு நியாயம் உண்டு. நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்குள் கிடைக்கும் சில வாரங்களில் வயலைக் காலி செய்ய அங்கே வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். எரியும் வைக்கோலுக்கு என்ன விலை கிடைத்தாலும் லாபம்தான். திண்டுக்கல்லில் வைக்கோலை யார் கொளுத்துகிறார்கள்? எந்திரம் அறுத்த வயலில் மறுநாளே கட்டுக்கட்டும் எந்திரம் இறங்குகிறது. கட்டுகள் லாரி ஏறிப் போகின்றன. கோடையில் தண்ணீர் குறையும்போது தீவன விலை பாலின் லாபத்தையே தின்றுவிடும். சோளத்தைத் தானியத்துக்கென்று இல்லாமல் தட்டைக்கென்றே மானாவாரிக் காட்டில் நெருக்க விதைக்கிற ஊர் இது. கடலைக்கொடி ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. பருத்திமார் அடுப்புக்குப் போகிறது. மக்காச்சோளத்தட்டையில் மாடு ஒதுக்கும் அடித்தண்டை ரோட்டவேட்டர் மண்ணுக்குள் மடக்குகிறது. கரிமச்சத்து குறைந்த செம்மண்ணுக்கு அந்த மடக்கலும் ஒரு வரவுதான். ஆலை இந்தத் தட்டைக்கு விலை வைத்தால் எடுத்துக்கொள்ளப் போவது வீணாகக் கிடந்ததை அல்ல, மாட்டின் வாயிலிருப்பதையும் மண்ணின் பங்கையும்தான். நிலமில்லாமல் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் அந்த விலையேற்றத்தை முதலில் தாங்குவார். திட்ட அறிக்கையின் பயனாளிகள் பட்டியலில் அவர் இல்லை.

தட்டை தாராளமாகக் கிடக்கும் இடத்திலேயே பெரிய ஆலைகள் பட்ட பாட்டையும் மறந்துவிடக் கூடாது. மக்காச்சோளத்துக்குப் பெயர்போன அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டூபான்ட் நிறுவனம் 2015-இல் திறந்த தட்டை எத்தனால் ஆலை 2017-இலேயே கைவிடப்பட்டது. அதே மாநிலத்தில் எம்மட்ஸ்பர்க் ஊரின் ஆலை 2014-இல் திறந்த பிறகு முன்பதப்படுத்தும் கட்டத்திலேயே சில ஆண்டுகள் சிக்கித் தவித்தது, பிறகு நின்றது. கான்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டன் ஆலையின் உரிமையாளர் திவாலானார். ருமேனியாவில் கிளாரியன்ட் நிறுவனம் கோதுமை வைக்கோலுக்கென்று கட்டிய ஆலை 2022-இல் ஓடத் தொடங்கி 2023 முடிவதற்குள் மூடப்பட்டது. கட்டோடு வரும் மண்ணும் கல்லும், ஈரம் ஒருபோல் இல்லாத சரக்கு, லாரி நிறைய ஏற்றினாலும் எடை நிற்காத பருமன் என்று இவற்றின் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றே. இதைக் காட்டித்தான் சிறு கூடக்காரர்கள் தங்கள் கட்சியை நிறுவுகிறார்கள். பெரியது தோற்றது என்பதால் சிறியது வென்றுவிடாது. பெரிய ஆலைக்குத் தட்டை வந்து சேர்வதில்லை, சிறிய கூடத்துக்குக் காரம் திரும்பி வருவதில்லை.

காஸ்டிக்கை விட்டுவிட்டு வேறு இரசாயனம் போட்டால் என்ன என்பது கேட்க வேண்டிய கேள்விதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டால் கழிவுநீரே சாம்பல்சத்து உரமாகும். ஆனால் பொட்டாஷ் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டில் அது சட்டியை விற்று அடுப்பு வாங்குகிற கதை. நீர்த்த அமிலத்தில் சோடியம் இல்லை. அதைச் சுண்ணாம்பால் தணித்தால் ஜிப்சம் சேறு குவியும், அமிலத்தையும் சூட்டையும் தாங்கும் அழுத்தக் கலனுக்கே முதலில் பாதி போய்விடும். கரிமக் கரைப்பான்களால் பிரிக்கும் முறைகள் இப்போது பேசப்படுகின்றன. அசாமின் நுமாலிகரில் மூங்கிலைப் பிரித்து எத்தனாலும் ஃபர்ஃப்யூரலும் அசெட்டிக் அமிலமும் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. கரைப்பானைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுப்பதில்தான் அத்தகைய முறையின் உயிரே இருக்கிறது, அதற்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் ஆலை வேண்டியிருந்தது. அயனித் திரவம் என்று ஆய்விதழ்கள் கொண்டாடும் கரைப்பான்களின் விலையில், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இழப்புகூடக் கூடத்தை மூடிவிடும். எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் ஒரே வாசலில்தான் வந்து நிற்கிறோம். போட்டது திரும்புகிறதா, திரும்பாவிட்டால் எங்கே தங்குகிறது?

திரும்பாமலே தீங்கில்லாமல் தங்கும் ஒரு முறை நெடுநாளாகக் கையில் இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்துத் தீவனப் பஞ்சத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் எர்ன்ஸ்ட் பெக்மன் வைக்கோலைக் காஸ்டிக்கில் ஊறவைத்து அலசி மாட்டுக்குக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். மாட்டுக்கு அது நன்றாகச் செரித்தது. ஆனால் அலசிய நீரோடு வைக்கோலின் சத்தில் ஒரு பகுதி போயிற்று, ஓடைகளும் கெட்டன. அந்த முறையை நீண்டகாலம் கையாண்ட நார்வே கடைசியில் அமோனியாவுக்கு மாறியது. அமோனியாவை அலச வேண்டாம். வைக்கோலில் தங்குவது மாட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. நம் கால்நடை மருத்துவர்கள் ஊட்டமேற்றிய வைக்கோல் என்று சொல்லித்தருவது இதன் எளிய வடிவம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் விட்டால் யூரியா அமோனியாவாகி, முன்னே சொன்ன அதே எஸ்டர் பிணைப்புகளை அறுக்கும். திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும், இளங்கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது. இதுவே ஊர் ஊராகப் பரவவில்லையே, எளிய முறையையே ஏற்காத விவசாயியைக் காட்டி என்ன நிரூபிக்கிறாய் என்று கேட்டால் கேள்வி நியாயமானது. தார்ப்பாய்ச் செலவும் ஆள்கூலியும் நெடியும் சேர்ந்து தடுக்கின்றன. பாலின் விலையில் அந்த உழைப்புக்குக் கூலி தெரிவதில்லை. ஆனால் மூட்டை யூரியாவும் ஒரு தார்ப்பாயும் கேட்கும் முறைக்கே ஆளும் பணமும் கட்டுப்படியாகாத இடத்தில், காஸ்டிக்கும் அமிலமும் கொதிகலனும் வேதியியலாளரும் கேட்கும் கூடம் லாபத்தில் ஓடும் என்பதை எப்படி நம்புவது? ஓடினால், உப்பின் செலவைக் கணக்கில் காட்டாமல்தான் ஓடும்.

பூட்டுத் தொழிலைப் பாருங்கள், சின்னாளபட்டிச் சுங்குடியைப் பாருங்கள், சிறுகூடங்களால் எழுந்த ஊர்தானே இது என்று ஊர்ப்பெருமையை எடுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பூட்டுப் பட்டறையின் அரத்தூளைக் கூட்டி அள்ளி எடைக்குப் போடலாம். கரைந்து கிணற்றில் இறங்கும் கழிவைப் பட்டறை தருவதில்லை. சாயம் போடும் தொழிலைப் பற்றி அவ்வளவு துணிந்து சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மாட்டுக்கு ஆகாததும் ஒரே இடத்தில் குவிவதுமான சரக்கு இந்தச் சமவெளியில் அறவே இல்லை என்று நான் வாதாடவில்லை. மணி உதிர்க்கும் களங்களில் சேரும் மக்காச்சோளக் கட்டை இருக்கிறது, வேடசந்தூர்ப் பக்கம் இலை ஒடித்த பிறகு நிற்கும் புகையிலைத் தண்டு இருக்கிறது. அவற்றுக்குச் சுண்ணாம்பைச் சோதித்துப் பார்க்கலாம். காஸ்டிக்கைவிட மெதுவாக வேலை செய்யும், மணிக்கணக்கில் ஆகும் வேலைக்கு நாட்கணக்கு பிடிக்கும், லிக்னினையும் முழுக்கக் கரைக்காது. வெள்ளைக் கூழ் அதில் வராது. பலகைக்கும் அட்டைக்கும் ஆகிற நார்தான் வரும். ஆனால் கரைந்த சுண்ணாம்பைக் கொதிகலன் புகையில் இருக்கும் கரியமில வாயுவைக் கொண்டே வெண்கல்லாகப் படியவைத்து வடித்துவிடலாம். தப்பிப் போகும் சிறிதளவு கால்சியம் மண்ணைச் சோடியம்போல் இறுக்காது. இப்படி ஒரு கூடத்துக்கு இசைவு கேட்டு யாராவது வந்தால், எத்தனை லிட்டர் எத்தனால், எத்தனை கிலோ லிக்னின் என்ற பத்திகளுக்கு முன்னால், மாதம் எத்தனை கிலோ சோடியம் வாயிலுக்குள் வருகிறது, எத்தனை கிலோ மறுபடி தொட்டிக்குத் திரும்புகிறது, மீதி எந்தச் சர்வே எண்ணில் இறங்குகிறது என்ற மூன்று பத்திகளை விண்ணப்பத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். சுண்ணாம்புக்காரர் முதல் பத்தியில் பூஜ்யம் எழுதிவிட்டுப் போவார். காஸ்டிக்காரர் மூன்றாவது பத்தியை நிரப்பாமல் மேசையை விட்டு எழ விடக் கூடாது.